கோட்டுக்காரி கட்டிய தொழு

எங்கள் ஊரில் வியாகுலமேரியைக் கோட்டுக்காரி என்றுதான் சொல்வார்கள். கையில் கரித்துண்டு கிடைத்தால் சுவரில் கோடு, குச்சி கிடைத்தால் தரையில் கோடு. ஒன்றும் கிடைக்காவிட்டால் வட்டிலில் இருக்கும் குழம்பைத் தொட்டு விரலால் கோடு. சிறு பிள்ளையாக இருந்தபோது மற்றப் பிள்ளைகள் மண்ணில் வீடு கட்டி விளையாடினால், இவள் பக்கத்தில் உட்கார்ந்து அடுப்பு எங்கே, ஆட்டுக்கல் எங்கே, புகை எந்த வழியாகப் போகும் என்று கேட்டுக் கேட்டு அவர்களை அழவைப்பாளாம். கல்யாணமாகி வந்த சூட்டோடு புகுந்த வீட்டு அடுப்பை இடித்து இடம் மாற்றினாள். மாமியார் அன்று முழுவதும் அவளோடு பேசவில்லை. மறுநாள் சமைக்கும்போது கண் எரியவில்லை என்று மாமியாருக்குத் தெரிந்தது. அதற்கும் அவர் பேசவில்லை.

இதையெல்லாம் நான் நேரில் பார்த்தவன் இல்லை. ஆனால் நேரில் பார்த்தவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள், நான் ஒரே விதமாகச் சொல்வேன். அதனால் என்னை நம்பலாம்.

ஊர் கம்பத்துக்கும் கூடலூருக்கும் நடுவில் இருந்தது. ஒரு தெரு, ஒரு கோயில், கோயிலைச் சுற்றி எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்கள். மேற்கே நிமிர்ந்தால் மலை. வியாகுலமேரியின் புருஷன் இஞ்ஞாசிமுத்துவுக்கு அந்த மலையில் மேயும் மாட்டுக்கூட்டம் ஒன்று இருந்தது. மலைமாடு என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. அது வீட்டு மாடு மாதிரி மூக்கணாங்கயிறு, முளைக்குச்சி என்று எதையும் பார்த்ததில்லை. பகலெல்லாம் காட்டில் மேயும், இரவில் முள்வேலிப் பட்டிக்குள் வானத்தைப் பார்த்துப் படுத்துக்கொள்ளும். கூட்டத்துக்கு ஒரு தலைப்பசு இருக்கும். அது போகிற இடத்துக்கு மற்றவை போகும், அது நின்றால் நிற்கும். இஞ்ஞாசிமுத்துவின் கூட்டத்துக்குத் தலைப்பசு செவலச்சி. பிடிவாதத்தில் அதற்கும் வியாகுலமேரிக்கும் அக்கா தங்கை உறவு என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

அந்த வருஷம் காட்டு இலாகாக்காரர்கள் வந்து மலையடியில் எல்லைக்கல் நட்டார்கள். கல்லுக்கு அந்தப் பக்கம் மாடு மேயக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மேயும் இடமெல்லாம் கல்லுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது.

இஞ்ஞாசிமுத்து கெட்டவன் இல்லை. அதிகம் பேசாதவன், அவ்வளவுதான். யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, கணவாய்க்கு அந்தப்புறம் இருந்து வரும் மலையாளத்து மாட்டு வியாபாரி அவுசேப்புக்கு ஆள் அனுப்பினான். அவுசேப்பு ஓட்டிக்கொண்டு போகிற மாடுகள் குமுளி ஏறினால் திரும்பி வருவதில்லை. அவை எங்கே போகின்றன என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

வியாகுலமேரி சொன்னாள். சட்டியை இறக்கிக் கீழே வைத்துவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். "செவலச்சியக் கத்திக்கு அனுப்பிட்டு நீங்க இங்கன உக்காந்து சோறு திம்பீகளா? தொண்டையில எறங்குமா?"

"மேய எடமில்ல. கட்டிப் போட்டுத் தீவனம் வைக்க அது வீட்டு மாடுமில்ல. நா என்ன செய்யட்டும்?"

அதற்கான பதில் இரண்டு நாள் கழித்து, காக்கி நிறக் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒரு மட்டக்குதிரையின் மேல் ஏறி வந்தது.

பேரியாற்றில் அணை கட்டும் வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. மலையடிவாரத்தில் கேம்ப் போட்டிருந்தார்கள். காய்ச்சலிலும் காலராவிலும் விழுந்த கூலியாட்களுக்காக அங்கே ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. வந்தவர் ஆஸ்பத்திரியின் கம்பவுண்டர் ஞானதுரை, போடியில் கடை வைத்திருந்த புராட்டஸ்டண்டுக் குடும்பத்துப் பிள்ளை. நோயாளிகளுக்குத் தினமும் பால் வேண்டும், ஆனால் கண்ட இடத்துப் பாலை வாங்கக் கூடாது என்று டாக்டர் துரை கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாராம். ஞானதுரை விரலை மடக்கிச் சொன்னார்.

"தரை கல்லுப் பாவியிருக்கணும்னு தொரை சொன்னாக. தண்ணி ஊத்திக் கழுவுனா ஓடிரணும், தேங்கப்படாது. மேல கூரை. காத்தும் வெளிச்சமும் உள்ள வரணும், அதனால கதவு போட்டு அடைக்கப்படாது. பாலுக்குத் தனி அறை. சாணிக்குழி தள்ளி இருக்கணும். வருஷாவருஷம் சுண்ணாம்பு அடிக்கணும்."

அவர் சொல்லச் சொல்ல வியாகுலமேரியின் கால் கட்டைவிரல் தரையில் கோடு போட ஆரம்பித்துவிட்டது.

"அப்ப ஒரு கட்டடம் வேணும்."

"ஆமா."

"எத்தன தூணு?"

"அது எனக்கெப்படிம்மா தெரியும்?"

"எனக்குத் தெரியும்," என்றாள். ஒன்றும் தெரியாது. ஆனால் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் அவளுக்கே தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது.

மலைமாடு ஒவ்வொன்றும் கறப்பது கொஞ்சம்தான். ஆனால் கூட்டம் பெரியது. எல்லாவற்றையும் கறந்தால் ஆஸ்பத்திரிக்குப் போதும், அந்த வருமானத்தில் தீவனமும் வாங்கலாம். இஞ்ஞாசிமுத்து நெடுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னான். "அவுசேப்புக்கு வாக்குக் குடுத்தாச்சு. ஆனிக் கடேசில வாரேன்னாரு. அதுக்குள்ள தொரை வந்து பாத்துச் சரின்னு சொல்லட்டும், மாடு இருக்கட்டும். இல்லேன்னா அவுசேப்பு ஓட்டிட்டுப் போகட்டும்."

அப்போது மாசி மாதம். அவள் துள்ளிக் குதிக்காத குறைதான்.

முதலில் ஒரு கூடைச் சாம்பலை எடுத்துக்கொண்டு பட்டிக்குப் போனாள். அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்த செவலச்சியைச் சுற்றி, மூக்கு நுனியிலிருந்து வால் வரைக்கும் சாம்பலால் கோடு போட்டாள். செவலச்சி எழுந்து போனதும் தரையில் ஒரு மாட்டின் உருவம் கிடந்தது. அதைக் கயிற்றால் அளந்தாள். கொம்பு திருப்ப இவ்வளவு, கறக்கிறவள் உட்கார இவ்வளவு என்று கயிற்றில் முடிச்சுப் போட்டாள். அந்த முடிச்சுக் கயிற்றை இடுப்பில் செருகிக்கொண்டு ஊரெல்லாம் திரிந்தாள். தண்ணீருக்குப் போன இடத்தில், தொட்டி எவ்வளவு உயரம் இருந்தால் மாடு சிந்தாமல் தின்னும் என்று பெண்களைக் குனிய வைத்துப் பார்த்தாளாம். அவர்களும் குனிந்தார்கள் என்பதுதான் ஆச்சரியம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயிலை விட்டு வந்த கூட்டத்தை அவள் வழிமறித்தாள். அறுப்பு முடிந்து காலியாகக் கிடந்த களத்துக்கு எல்லோரையும் இழுத்துக்கொண்டு போனாள்.

"தூணு இல்லாம எனக்குக் கட்டடம் கண்ணுக்குள்ள வர மாட்டேங்குது. நீங்கதான் தூணு. வரிசையா நில்லுங்க. கைய மேல தூக்குங்க, அதான் கூரை."

சிரித்துக்கொண்டே நின்றார்கள். ஒரு தூண் குறைந்தது. ஓரமாக நின்று வேடிக்கை பார்த்த இஞ்ஞாசிமுத்துவைக் கையைப் பிடித்து இழுத்து, வரிசையின் முதல் ஆளாக நிறுத்தினாள்.

"நிக்கிறேன். நா நின்னேங்கிறதுக்காக மாடும் நிக்கும்னு நெனச்சுக்கிடாத," என்றான். ஆனாலும் கையைத் தூக்கினான்.

அவளுடைய அண்ணன் அந்தோணிமுத்து கொத்தனார். எங்கள் ஊர்க் கோயிலைக் கட்டிய கை அவருடையது. அவர் நூலைப் பிடித்து ஒவ்வோர் ஆளின் காலடியிலும் முளை அடித்தார். வியாகுலமேரி நடுவே ஓடி ஓடிச் சாம்பல் தூவினாள். இரண்டு பக்கமும் மாடு நிற்கும், நடுப்பாதையில் ஆள் நடந்து தொட்டிகளில் தீவனம் போடலாம், பக்கச்சுவரை ஒட்டிப் பால் அறை. கூட்டத்தில் சிலர் கை தட்டினார்கள். தூண்கள் கை தட்டக் கூடாது என்று அவள் அதட்டினாள்.

இங்கேதான் பிழை நடந்தது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை. பூசை பார்த்த கையோடு வந்து நின்றவர்கள், கோயிலுக்குள் எப்படி நிற்பார்களோ அப்படியே நின்றுவிட்டார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் வழி, எல்லோர் முகமும் கிழக்கே. எங்கள் கோயிலில் சாமியார் பூசை வைக்கும் பீடம் கிழக்கே, வாசல் மேற்கே. களத்தில் விழுந்த சாம்பல் கோடும் அதே மாதிரி விழுந்தது. மேற்கே அகன்ற திறப்பு, கிழக்கே முழுச்சுவர். அந்தோணிமுத்துவின் கைக்கு இது பழகிய வேலை. வயல் கல்லையும் ஊர் ஆட்களின் கையையும் வைத்து, பங்குனி சித்திரை வெயிலில் பாட்டுப் பாடிக்கொண்டே கட்டினார். கிழக்குச் சுவரின் நடுவில் அழகாக ஒரு மாடம்கூட வைத்தார். எதற்கு அண்ணே என்று தங்கை கேட்டதற்கு, விளக்கு வைக்க என்றார்.

எங்கள் பள்ளத்தாக்கில் ஆனி ஆடிக் காற்று எங்கிருந்து வரும் என்று தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். கணவாய் வழியாக இறங்கி, தென்மேற்கிலிருந்து ஆளைத் தள்ளிக்கொண்டு வரும். அந்த மாதங்களில் கோயிலின் மேற்குத் தேக்குக் கதவை நாங்களே சாத்திவிட்டுப் பக்கவாசலில்தான் போய்வருவோம். இந்தக் கட்டடத்துக்கோ கதவே கிடையாது, துரை உத்தரவு. இவ்வளவும் தெரிந்த ஓர் ஊரே சேர்ந்து, காற்றுக்கு எதிரே வாயைத் திறந்து வைத்த மாதிரி ஒரு கட்டடத்தைக் கட்டியது. சந்தோஷம் மண்டைக்கு ஏறினால் இப்படித்தான் ஆகும்.

வைகாசி முடியும் தறுவாயில், கூரைப்புல் வேய்ந்து முடித்த மூன்றாம் நாள் முதல் காற்று இறங்கியது. மேற்கு வாசல் வழியாக உள்ளே போனது. கிழக்கே வெளியேற வழியில்லாமல் மேலே போனது. பாதிக் கூரை பறந்து அடுத்த வயலில் விழுந்தது. புல்லை விரட்டிக்கொண்டு பிள்ளைகள் ஓடினார்கள், பிள்ளைகளை விரட்டிக்கொண்டு பெரியவர்கள் ஓடினார்கள். வியாகுலமேரி மட்டும் நகரவில்லை. கூரையில்லாத தொழுவின் நடுவில் நின்று மேற்கே பார்த்தாள், கிழக்கே பார்த்தாள், பிறகு தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது ஊர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அழுகை நீடிக்கவில்லை. மறுநாள் விடியும்போது அவள் கிழக்குச் சுவரில் கரியால் பெரிதாக ஒரு வாசல் வரைந்திருந்தாள்.

"அண்ணே, மேற்க சுவரு வச்சு அடச்சிரு. காத்துக்கு உசரத்துல மட்டும் சின்னச் சின்ன ஓட்டை விடு. வாசல் இங்கன, கிழக்க. இந்தச் சுவர எடுத்துரு."

அந்தோணிமுத்து கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார். "பீடம் இருக்குற பக்கத்த இடிக்கச் சொல்றியா, தாயி?"

"பீடமா? எங்கன இருக்கு பீடம்? இது மாட்டுத் தொழு!"

"தெரியுது. புத்திக்குத் தெரியுது, கைக்கு வர மாட்டேங்குது." அவர் மாடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "இது கோயில் கட்டுன கை. கிழக்குச் சுவர இடிச்சு அது வழியா மாட்ட நடக்க விட்டேன்னா ராத்திரி எனக்குத் தூக்கம் வராது."

மற்ற நாளாக இருந்தால் அவள் கத்தியிருப்பாள். அன்று அவளுக்குக் கத்தக்கூட நேரமில்லை. ஆனி பிறக்கப் போகிறது.

"அண்ணே, கிறிஸ்துமஸுக்கு நீதான வருஷாவருஷம் குடில் செய்வ? ஆண்டவரு எங்கன பொறந்தாரு?"

"மாட்டுத் தொழுவுல."

"அந்தத் தொழுவுக்கு வாசல் எந்தப் பக்கம்னு யாராச்சும் கேட்டாகளா?"

அந்தோணிமுத்து மாடத்தை ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு சிலுவை போட்டுக்கொண்டு கடப்பாரையை எடுத்தார். முதல் கல்லைத்தான் மெதுவாகப் பெயர்த்தார். அடுத்த கல்லிலிருந்து அவருக்கும் சூடு பிடித்துவிட்டது. சாயங்காலத்துக்குள் கிழக்குச் சுவர் கீழே கிடந்தது. இடித்த கல் அப்படியே மேற்குச் சுவராக எழுந்தது. மாடத்தை மட்டும் கல் கல்லாகப் பிரித்துப் பால் அறைக்குள் திரும்பக் கட்டிவைத்தார். அங்கே உண்மையாகவே விளக்கு வேண்டியிருந்தது.

கூரையை மறுபடி வேய்ந்து, மேலே கயிறு வலை போல் இழுத்துக் கட்டி, கயிற்று நுனிகளில் கல்லைத் தொங்கவிட்டார்கள். கிழக்கு வாசலுக்கு முன்னால் புதிய பட்டி போட்டு மாட்டுக்கூட்டத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். காற்று அடித்தது, கூரை அசையவில்லை. வியாகுலமேரி நடுப்பாதையில் குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றி, அது கால்வாயில் சரசரவென்று ஓடுவதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். தண்ணீர் வற்றிய கிணறு போல் இருந்த அவள் முகத்தில் மறுபடி ஊற்றுத் திறந்துவிட்டது.

ஒன்று மட்டும் நடக்கவில்லை. மாடு உள்ளே போகவில்லை.

பிறந்தது முதல் தலைக்கு மேல் வானத்தைத் தவிர வேறெதையும் பார்க்காத மாடுகள். உப்பைக் காட்டினாள், பருத்திக்கொட்டையைக் காட்டினாள். பாட்டுக்கூடப் பாடிப் பார்த்தாள். செவலச்சி வாசல் வரைக்கும் வரும், கூரையை ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கும், திரும்பிக்கொள்ளும். அது திரும்பினால் கூட்டமே திரும்பும். நாள் நெருங்க நெருங்க இஞ்ஞாசிமுத்து மனைவியின் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டான்.

ஆனிக் கடைசியில் இரண்டு பேரும் ஒரே நாளில் வந்து சேர்ந்தார்கள். காலையில் அவுசேப்பு, நான்கு ஆட்களோடும் தோளில் பெரிய கயிற்றுக் கட்டோடும் வந்தார். புளியமரத்தடியில் கட்டை இறக்கி வைத்துவிட்டு, "எந்தா இஞ்ஞாசி, போகலாமோ?" என்றார். பொறுங்கள் என்று மட்டும் சொன்னான் இஞ்ஞாசிமுத்து. உச்சிக்குப் பிறகு டாக்டர் துரை குதிரையில் வந்தார், பின்னால் ஞானதுரை மட்டக்குதிரையில் வந்தார்.

துரை கல் தரையைப் பூட்ஸ் காலால் தட்டிப் பார்த்தார். கால்வாயில் தண்ணீர் ஊற்றச் சொன்னார். மேற்குச் சுவரின் ஓட்டைகளில் கையை வைத்துக் காற்றைப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பால் அறையில் மாடத்தைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். வியாகுலமேரி அவருக்கு முன்னால் ஓடிக்கொண்டு, அவருக்குப் புரியாது என்பதையே மறந்து, முடிச்சுக் கயிற்றைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கினாள். கடைசியில் துரை வாசலில் வந்து நின்று பட்டியைக் கைகாட்டிக் கேட்டார்.

"மாடு ஏன் வெளிய நிக்குதுன்னு கேக்குறாக," என்றார் ஞானதுரை. "மாடு உள்ள நின்னாத்தான் இது தொழு, இல்லேன்னா வெறும் சுவருங்கிறாக."

அவள் செவலச்சியைக் கூப்பிட்டாள். செவலச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டது. புளியமரத்தடியில் அவுசேப்பு எழுந்து நின்றார்.

அப்போது கணவாய்ப் பக்கம் இருட்டியது. காற்று ஓலமிட்டுக்கொண்டு இறங்க, பின்னாலேயே சாரல் ஊசி ஊசியாகப் பறந்து வந்தது. காட்டில் இருந்தால் மாடுகள் பாறை மறைவைத் தேடும். இங்கே இருந்த ஒரே மறைவு தொழுதான். அதன் மேற்குச் சுவர் காற்றை வாங்கிக்கொள்ள, கிழக்கு வாசலில் மட்டும் புல் நுனிகூட ஆடவில்லை. செவலச்சி அங்கே வந்து நின்றது. முதுகில் மழை விழுந்தது. தலையை மட்டும் உள்ளே நீட்டியது. பிறகு ஒரு காலை எடுத்துக் கல் தரையில் வைத்தது. ஐயோ, அந்த ஒரு கால்! வியாகுலமேரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொரு கால், முழு உடம்பு. செவலச்சியின் வாலைத் தொட்டுக்கொண்டு அடுத்தது, அடுத்தது. கூட்டமே உள்ளே பாய்ந்தது. தொப்பியைப் பிடித்துக்கொண்டு துரையும் மாடுகளோடு மாடாக உள்ளே ஓடினார்.

உள்ளே வந்த மாடுகள் இருந்த இடத்தில் நிற்குமா? நடுப்பாதையில் ஒன்று சாணி போட்டது. இன்னொன்று பால் அறைக்குள் தலையை விட்டுக் குடத்தை உருட்டியது. துரை சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"மாட்டக் கட்டச் சொல்றாக," என்றார் ஞானதுரை.

வியாகுலமேரி சட்டென்று திரும்பினாள். அவள் முகம் வெளுத்தது. தூண், தொட்டி, கால்வாய், சாணிக்குழி என்று எல்லாவற்றையும் யோசித்தவள் அவள். கூரைக்கு வண்டி வண்டியாகக் கயிறு கட்டியவள். மாட்டுக்கு ஒரு முழம் கயிறு வாங்கவில்லை. கழுத்தில் கயிறே ஏறாத மாடுகளோடு வாழ்ந்தவளுக்கு அது தோன்றவே இல்லை. ஊரில் எவருக்கும் தோன்றவில்லை.

இஞ்ஞாசிமுத்து அவளைப் பார்த்தான். பிறகு மழைக்குள் இறங்கிப் புளியமரத்தை நோக்கி நடந்தான். அவுசேப்பிடம் குனிந்து ஏதோ பேசினான். அவுசேப்பு கையை விரித்தார், தலையை ஆட்டினார், கடைசியில் கயிற்றுக் கட்டைக் காட்டினார். முடிந்தது என்று வியாகுலமேரி நினைத்தாள். செவலச்சியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

கண்ணைத் திறந்தபோது புருஷன் எதிரே நின்றான், சொட்டச் சொட்ட நனைந்து, தோளில் அந்தக் கயிற்றுக் கட்டோடு. மாடுகளை ஓட்டிப் போக வந்த கயிறு அத்தனையும் அவன் தோளில் இருந்தது. பின்னால் வாசலில் அவுசேப்பு வெறுங்கையோடு நின்று, மாடும் இல்லை கயிறும் இல்லை என்று மலையாளத்தில் புலம்பிக்கொண்டிருந்தார், பாதிச் சிரிப்போடு.

இஞ்ஞாசிமுத்து ஒரு கயிற்றை உருவிச் சுருக்குப் போட்டான்.

"செவலச்சிக்கு எந்தத் தூணு? நீதான கோடு போட்ட, சொல்லு."

அவள் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் வரிசையின் முதல் தூணைக் காட்டினாள்.

"அன்னைக்கு நீங்க கையத் தூக்கிட்டு நின்னீகளே, அந்தத் தூணு."